கள்வனாக்கும் கதை, கணக்குக் கேட்கும் கதை

மதுரை கே.கே. நகரில் எழும்பிக்கொண்டிருக்கும் ஏதாவது ஒரு கட்டடத்தின் முன் சற்று நின்றால் இந்தியும் வங்காளமும் ஒடியாவும் காதில் விழும். சாரம் கட்டுபவர், கம்பி வளைப்பவர், டைல்ஸ் ஒட்டுபவர் எனப் பலரும் வட மாநிலத்தவர்கள். மாட்டுத்தாவணியைச் சுற்றியுள்ள உணவகங்களில் மேசை துடைப்பதும் பாத்திரம் கழுவுவதும் பரோட்டாவுக்கு மாவு பிசைவதும் பெரும்பாலும் அவர்கள் கைகளே. தமிழகத்தில் 10.67 லட்சம் வெளிமாநிலத் தொழிலாளர்கள் இருப்பதாக மாநிலத் தொழிலாளர் துறையின் 2016ஆம் ஆண்டு ஆய்வு மதிப்பிட்டது.

இவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். ஆனால் இவர்களைப் பற்றி நமக்குத் 'தெரிந்தவை' பெரும்பாலும் பழகித் தெரிந்தவை அல்ல, யாரோ சொல்லித் தெரிந்தவை. பத்திரிகையின் குற்றச் செய்தி, வாட்ஸ்அப் ஃபார்வர்டு, மீம், சினிமா, டீக்கடைப் பேச்சு ஆகிய எல்லாம் சேர்ந்து 'வடக்கன்' என்ற ஒரு ஆளை நமக்குள் உருவாக்கி வைத்திருக்கின்றன. பக்கத்து வீட்டு மாடியறையில் குடியிருக்கும் ஆளைப் பார்க்கும்போதும் நம் கண்ணுக்குத் தெரிவது அந்த ஆள்தான்.

ஒதுக்கப்படும் புலம்பெயர் தொழிலாளர் மீதான பொதுமக்களின் மனப்பாங்கைக் கதைகள் எப்படி உருவாக்குகின்றன, எப்படி மாற்றுகின்றன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயமூட்டும் கதைக்கு மருந்தாக இரக்கமூட்டும் கதையை நாம் நம்பியிருக்கிறோம், அது போதாது. இரக்கம் சீக்கிரம் வற்றிவிடும். விசாரிக்கத் தூண்டும் கதையும், தொழிலாளி தன் கணக்கைத் தானே சொல்லும் கதையும்தான் நிலைக்கின்றன.

கொலைக்களத்தில் சொல்லப்பட்ட கதைகள்

இந்தக் கேள்வி மதுரைக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் கோவலன் பிழைப்புத் தேடி மதுரைக்கு வந்த வெளியூர்க்காரன். கோட்டைக்கு வெளியே, ஆயர் சேரியில் மாதரி வீட்டில்தான் அவனுக்கும் கண்ணகிக்கும் இடம் கிடைத்தது. சிலம்பு விற்க நகருக்குள் போனவன் திரும்பவில்லை. அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லனுக்குப் பழியைப் போட ஒரு ஆள் வேண்டியிருந்தது. ஊரில் யாருக்கும் தெரியாத ஒருவன் அதற்கு வசதியாக வந்து சேர்ந்தான்.

கொலைக்களக் காதையை இன்று படிக்கும்போது என்னை உலுக்குவது பாண்டியனின் அவசர ஆணையைவிட அதற்குப் பின் நடப்பதுதான். கோவலனைப் பார்த்த காவலருக்குத் தயக்கம் வருகிறது. இவனைப் பார்த்தால் கொலைக்குரியவனாகத் தெரியவில்லையே என்கிறார்கள். உடனே பொற்கொல்லன் கதை சொல்லத் தொடங்குகிறான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்ற எட்டும் துணையாகக் கள்வர் எதையும் செய்வார்கள் என்று விவரிக்கிறான். தூதுவனாகவும் பெண்ணாகவும் வேடமிட்டு அரண்மனைக்குள் புகுந்து அரசன் தம்பியின் மார்பிலிருந்த மாலையைக் கவர்ந்த ஒரு கள்வனின் கதையைச் சொல்கிறான். அந்தக் கதை இன்னொரு காவலனுக்குத் தன் நினைவைக் கிளறிவிடுகிறது: மழை பெய்த ஒரு நள்ளிரவில் கள்வன் ஒருவன் எதிர்ப்பட்டதை அவன் சொல்கிறான். இரண்டு கதைகளுக்கும் கோவலனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் அவை சொல்லி முடிவதற்குள் தயக்கம் போய்விடுகிறது. குடிவெறியிலிருந்த ஒருவன் வாளை வீசிவிடுகிறான்.

யாரோ எங்கோ செய்ததை எதிரே நிற்பவன் மேல் ஏற்றுவது, அதைக் கேட்டவர் தம் அனுபவம் ஒன்றையும் சேர்த்துக்கொள்வது, சந்தேகம் உறுதியாவது, கடைசியில் பொறுப்பில்லாத ஒருவர் கை ஓங்குவது. இன்றைய வதந்தியும் இதே வரிசையில்தான் நகர்கிறது. கண்ணகி அரசவைக்கு வந்து இரக்கத்தை யாசிக்கவில்லை. சிலம்பை எல்லோர் முன்னும் உடைத்துக் காட்டினாள். அரசியின் சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம். முன்பே செய்திருக்க வேண்டிய விசாரணையைப் பிறகு செய்யவைத்தாள்.

சட்டமாக மாறிய கதை

மதுரையைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. ஒரு சமூகமே பிறப்பால் குற்றவாளி என்று ஆங்கிலேய அதிகாரிகள் எழுதிவைத்த கதை, குற்றப் பரம்பரைச் சட்டமாகிப் பிரமலைக் கள்ளர் மீது பாய்ந்தது. ஆண்கள் ரேகை வைக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும், அனுமதியின்றி ஊரைவிட்டு நகரக் கூடாது. 1920 ஏப்ரல் 3 அன்று, உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் அந்த ரேகைப் பதிவை எதிர்த்து நின்ற மக்கள் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாயக்காள் உள்ளிட்ட 16 பேர் உயிரிழந்தனர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் ஒழிந்தது.

சட்டம் போன பிறகும் அது சொன்ன கதை உடனே போய்விடவில்லை. அதற்கு மாற்றாக வேறு கதைகள் எழுதப்பட வேண்டியிருந்தது. சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' நாவல் அந்த வேலையின் ஒரு பகுதி. 2011ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்த நாவல், ஆவணங்கள் கள்வர் என்று சொன்னவர்களின் நீண்ட வரலாற்றையும் மதுரையின் காவலோடு அவர்களுக்கு இருந்த உறவையும் ஆவணங்களைக் கொண்டே திரும்பச் சொன்னது. இந்த வரலாறு உள்ள மண்ணில் நின்றுகொண்டு, 'அந்த ஊர்க்காரனே அப்படித்தான்' என்று நாம் இன்னொருவரைப் பார்த்துச் சொல்வது எனக்கு வலிக்கிறது.

நாம் போன இடங்களில்

வந்தேறி என்று தூற்றப்படுவது எப்படியிருக்கும் என்பதைத் தமிழருக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயாவின் ரப்பர் காடுகளுக்கும் பர்மாவுக்கும் ஃபிஜிக்கும் போனவர்கள் 'கூலி' என்ற ஒரே சொல்லில் அடைக்கப்பட்டார்கள். 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் லட்சக்கணக்கானோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5.25 லட்சம் பேரை இந்தியாவுக்கு அனுப்பப் பங்கு பிரித்தது. தேசங்கள் இப்படி மனிதரைப் பிரித்துக்கொள்வதற்கு முன்பே, 'இவர்கள் தற்காலிகமானவர்கள், இந்த மண்ணோடு ஒட்டாதவர்கள்' என்ற கதை மக்கள் மனதில் வேரூன்றியிருந்தது. யாழ்ப்பாணத் தமிழரில் சிலரே அவர்களைத் 'தோட்டக்காட்டான்' என்று அழைத்ததையும் மறைக்க முடியாது.

மும்பையில் இதன் இன்னொரு வடிவம் அரங்கேறியது. 1960இல் பால் தாக்கரே தொடங்கிய 'மார்மிக்' வார இதழ், கேலிச்சித்திரங்களோடு, நிறுவனங்களில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்ப் பட்டியலையும் வெளியிட்டது. விமர்சனமோ விவாதமோ இல்லாத வெறும் பெயர்கள்தாம். 'நம் வேலையைப் பிடுங்குகிறார்கள்' என்ற கதையை வாசகரே தம் மனதில் முடித்துக்கொள்ள அது போதுமானதாக இருந்தது. 1966 ஜூன் 19 அன்று சிவசேனை பிறந்தது. லுங்கி கட்டியவன் கேலிக்குரியவன் ஆனான். உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. இன்று நம் மீம்களில் பான்பராக் கறையும் ரயில் கூட்டமும் செய்யும் வேலையை அன்று அங்கே லுங்கி செய்தது.

எதிர்க்கதைகளும் எழுந்தன. புதுமைப்பித்தன் 1930களிலேயே 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தோட்டத்துக்குப் போன ஒரு தமிழ்ப் பெண்ணின் வாழ்வை எழுதினார். சிங்கம்புணரியில் பிறந்து, இளமையில் இந்தோனேசியாவின் மெடானுக்குப் போய், திரும்பி வந்து மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்த ப. சிங்காரம், 'புயலிலே ஒரு தோணி'யில் புலம்பெயர்ந்தவனைப் பரிதாபத்துக்குரியவனாக அல்லாமல் சிந்திக்கிற, சண்டையிடுகிற, மதுரைத் தெருக்களை நினைத்து ஏங்குகிற முழு மனிதனாக நிறுத்தினார். சி.வி. வேலுப்பிள்ளை மலையக மக்களின் பாடல்களைத் தொகுத்து அவர்கள் குரலையே அச்சேற்றினார்.

ஆனால் பொதுமக்கள் மனப்பாங்கைக் கதை நேரடியாக மாற்றியதற்கு நான் காட்டக்கூடிய மிக வலுவான சான்று ஃபிஜியைச் சேர்ந்தது. இன்றைய உத்தரப் பிரதேசத்தின் ஃபிரோசாபாத் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, ஒப்பந்தக் கூலியாக ஃபிஜிக்குப் போன தோதாராம் சனாட்யா, ஊர் திரும்பியபின் தன் 21 ஆண்டு அனுபவத்தை பனாரசிதாஸ் சதுர்வேதியின் எழுத்துதவியோடு 1914இல் இந்தியில் வெளியிட்டார். என்ன சொல்லி ஏமாற்றி அழைத்துப் போனார்கள், கப்பலில் எவ்வளவு இடம் தந்தார்கள், எவ்வளவு கூலி, எவ்வளவு ரேஷன், பெண்களுக்கு என்ன நேர்ந்தது என்று அந்நூல் கணக்கு வைத்தது. சி.எஃப். ஆண்ட்ரூஸின் அறிக்கையும் பாரதியின் பாடலும் பல ஊர்களில் நடந்த கூட்டங்களும் சேர்ந்துகொண்டன. 1917இல் ஒப்பந்தக் கூலி அனுப்புவது நின்றது. 1920இல் ஃபிஜியில் எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் ரத்தாயின. 1903 முதல் சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழர்களும் அங்கே அனுப்பப்பட்டு வந்தார்கள். ஒரு வடநாட்டுக் கூலித் தொழிலாளி சொன்ன கதையும் சேர்ந்துதான் நம் முன்னோர் பலரின் தளையை அறுத்தது என்பதை நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் காலத்தில்

2012 பிப்ரவரி 23 அன்று சென்னை வேளச்சேரியில், வங்கிக் கொள்ளையர் என்று போலீசார் சொன்ன வட மாநில இளைஞர் ஐவர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதையொட்டி வாடகைக்குக் குடியிருப்போரின் விவரங்களைக் காவல் நிலையத்தில் தர வேண்டும் என்ற உத்தரவு வந்தது. வட மாநிலத்தவருக்கு வீடு கொடுக்கவே பலர் தயங்கினார்கள். ஐந்து பேர் மீதான குற்றச்சாட்டு, வேலைக்கு வந்த எல்லோர் மீதும் சந்தேகமாகப் படிந்தது.

2018இல் அந்தச் சந்தேகம் உயிர் குடித்தது. வட மாநிலக் கும்பல் குழந்தைகளைக் கடத்த வந்திருக்கிறது என்ற வாட்ஸ்அப் செய்தி ஊர் ஊராகப் பரவியது. மே 9 அன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில், குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு போன சென்னையைச் சேர்ந்த 65 வயது மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டார். அவர் தமிழர். அந்நியனைக் குறித்துப் பரப்பப்படும் கதை அந்நியனோடு நின்றுவிடுவதில்லை. ஊருக்குப் பழக்கமில்லாத எந்த முகமும் அதற்கு இரையாகும்.

2023 மார்ச்சில் திசை மாறியது. தமிழகத்தில் பீகார் தொழிலாளர்கள் கொல்லப்படுகிறார்கள் என்று இந்தி ஊடகங்களிலும் சமூக வலைத்தளங்களிலும் வீடியோக்கள் பறந்தன. ஹோலிக்கு ஊருக்குப் போகும் ரயில் நிலையக் கூட்டத்தைப் 'பயந்து ஓடுகிறார்கள்' என்று காட்டினார்கள். அப்போதைய டிஜிபி சி. சைலேந்திரபாபு விளக்கம் தந்தார்: ஒரு வீடியோ பீகார் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்குள் நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்கிடையே நடந்தது. மற்றொரு வீடியோ, பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் ஆட்களுக்குக் கட்டுப்போட்டுக் காயம்பட்டவர்களைப்போல நடிக்கவைத்து எடுக்கப்பட்டது என்று பீகார் போலீசார் கூறினர். மூத்த அதிகாரி டி. பாலமுருகன் தலைமையில் பீகார் அரசின் குழு நேரில் வந்து தொழிலாளர்களைச் சந்தித்தது.

இந்த வதந்தி தொடர்பான வழக்கின் ஒரு கிளை மதுரைக்கே வந்தது. பொய்ச் செய்தி பரப்பியதாகக் குற்றம் சாட்டப்பட்ட பீகார் யூடியூபர் மணீஷ் காஷ்யப் இங்கே கொண்டுவரப்பட்டு, நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, மதுரை மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டார். தேசியப் பாதுகாப்புச் சட்டமும் பாய்ந்தது. அந்தத் தடுப்புக்காவல் ஆணையை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதே ஆண்டு நவம்பரில் ரத்து செய்தது.

வதந்தி பொய் என்று அரசு மெய்ப்பித்தது சரி. ஆனால் அது ஏன் அத்தனை எளிதாக நம்பப்பட்டது என்பதை நாம் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். மீம்களிலும் பின்னூட்டங்களிலும் நாம் பல ஆண்டுகளாகக் கொட்டிவைத்த ஏளனம், அந்தப் பொய்க்கு ஆயத்தமான சாட்சியாக நின்றது. அங்கே தமிழன் கொலைகாரனானான். இங்கே பீகாரி திருடனாகவே இருந்தான். நடுவில் கட்டடத்தில் வேலை பார்த்தவர் இரண்டு கதைகளுக்கும் பயந்து அறையைப் பூட்டிக்கொண்டார்.

திரை காட்டும் இரண்டு முகங்கள்

சினிமாவின் பங்கைத் தனியே சொல்ல வேண்டும். 2017இல் வந்த 'தீரன் அதிகாரம் ஒன்று' தமிழகத்தில் உண்மையில் நடந்த நெடுஞ்சாலைக் கொள்ளைகளை அடிப்படையாகக் கொண்டது. கொலைகள் நடந்தன, குடும்பங்கள் அழிந்தன. அதைச் சொல்வதில் தவறில்லை. ஆனால் வட மாநிலக் கும்பல் ஒன்றின் கொடூரத்தை ஒரு இனத்தின் இயல்பாகப் பார்வையாளர் எடுத்துக்கொள்ள இடம் கொடுத்த கணத்தில், பெருங்காமநல்லூரில் உயிர் குடித்த பழைய கதை வேறு பெயரில் உயிர் பெற்றது.

இதற்கு எதிர்த்திசையில் வந்தது பாஸ்கர் சக்தி இயக்கி 2024 ஜூனில் வெளியான 'ரயில்'. முதலில் 'வடக்கன்' என்று பெயரிடப்பட்டு, தணிக்கை வாரியம் ஏற்காததால் பெயர் மாறிய படம். தேனிப் பக்கத்து ஊர் ஒன்றில் குடியும் வேலையின்மையுமாக இருக்கும் உள்ளூர்க்காரர், பக்கத்தில் குடியிருக்கும் வடமாநிலத் தொழிலாளி மீது கொள்ளும் வெறுப்பே அதன் களம். அந்த உள்ளூர்க்காரரைப் படம் வில்லனாக்கவில்லை. அவருடைய தோல்வியும் வெட்கமும் வெறுப்பாக உருமாறுவதைக் காட்டுகிறது. வெறுப்பவரையும் புரிந்துகொள்ளும் கதையைத்தான் வெறுப்பவர் கடைசிவரை உட்கார்ந்து கேட்பார்.

ஆய்வுகள் சொல்வது

கதையால் மனம் மாறுமா என்பதை உலகெங்கும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்று முடிவுகள் நமக்குப் பயன்படும்.

முதலாவது, ஷாண்டோ ஐயங்கார் 1991இல் வெளியிட்ட ஆய்வு. வறுமையைப் பற்றிய தொலைக்காட்சிச் செய்தி ஒரு தனி மனிதரின் துயரமாகக் காட்டப்படும்போது, பார்ப்பவர்கள் பொறுப்பை அந்த மனிதர் மேலேயே சுமத்தும் போக்கு அதிகம். அதே செய்தி கூலி, கொள்கை, வேலை நிலவரம் என்று விரிந்தால் அரசையும் சமூகத்தையும் நோக்கிக் கேள்வி எழுகிறது. 2020 ஊரடங்கில் நாம் பார்த்ததை இது விளக்குகிறது. குர்கானிலிருந்து பீகாருக்குத் தந்தையைச் சைக்கிளில் வைத்து ஓட்டி வந்த 15 வயதுச் சிறுமியை நாடே பாராட்டியது. ஆனால் ஒரு குழந்தை ஏன் அவ்வளவு தூரம் மிதிக்க நேர்ந்தது என்ற கேள்வி பாராட்டில் அமுங்கிவிட்டது.

இரண்டாவது, எலிசபெத் லெவி பாலக் ருவாண்டாவில் செய்து 2009இல் வெளியிட்ட ஆய்வு. 1994 இனப்படுகொலைக்கு வானொலி துணைபோன அந்நாட்டில், நல்லிணக்கத்தைச் சொல்லும் வானொலி நாடகம் ஒன்றை ஓராண்டு கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. ஆனால் 'நம் ஊரில் எது முறை' என்ற எண்ணம் மாறியது, நடத்தையும் மாறியது. தனி மனம் மாறுவதற்கு முன்பே ஊர்வழக்கத்தைக் கதை மாற்றிவிட முடியும் என்பது இதன் பொருள். தெருவில் ஒருவர் இழிவாகப் பேசும்போது மற்றவர் சிரிக்கிறாரா, முகம் சுளிக்கிறாரா என்பது அற்பச் செய்தி அல்ல.

மூன்றாவது, ஜோஷுவா கல்லாவும் டேவிட் புரூக்மேனும் அமெரிக்காவில் வீடு வீடாகச் செய்த சோதனைகள். ஆவணமற்ற குடியேறிகளைப் பற்றி வாதம் மட்டும் வைத்தபோது மனம் நகரவில்லை. தீர்ப்புச் சொல்லாமல் கேட்டு, தம் கதையைச் சொல்லி, எதிராளியின் கதையையும் கேட்டுப் பரிமாறிக்கொண்டபோது நகர்ந்தது. அந்த மாற்றம் மாதக்கணக்கில் நிலைத்தது.

சிங்கப்பூரில் இதற்கு நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு உண்டு. 2013 டிசம்பர் 8 அன்று தமிழகத் தொழிலாளி ஒருவர் பேருந்தில் அடிபட்டு இறந்ததைத் தொடர்ந்து லிட்டில் இந்தியாவில் கலவரம் மூண்டது. தெற்காசியத் தொழிலாளர் மீது சந்தேகப் பார்வை விழுந்தது. அடுத்த ஆண்டே அங்கே புலம்பெயர் தொழிலாளர் கவிதைப் போட்டி தொடங்கியது. கட்டுமானத் தொழிலாளி மேடையேறித் தன் மொழியில் வாசித்தார். ஆனாலும் 2020இல் தொழிலாளர் விடுதிகளில் கொரோனா பரவியபோது, 'அவர்களுடைய சுகாதாரக் குறைவுதான் காரணம்' என்ற பேச்சு மீண்டும் எழுந்தது. ஓர் அறையில் எத்தனை பேரை அடைத்திருந்தார்கள் என்ற கேள்வி தாமதமாகவே வந்தது. கவிதை கதவைத் திறந்தது. விடுதியின் நெரிசலைக் குறைக்க அது மட்டும் போதவில்லை.

கதையின் எல்லை

மதுரை–நத்தம் சாலைப் பறக்கும் பாலத்தில் தினமும் ஆயிரக்கணக்கானோர் போகிறோம். 7.3 கிலோமீட்டர் நீளம். 2023 ஏப்ரல் 8 அன்று பிரதமர் திறந்து வைத்தார். அதற்கு முன், 2021 ஆகஸ்ட் 28 அன்று கட்டுமானத்தின்போது ஒரு பகுதி சரிந்து உத்தரப் பிரதேசத் தொழிலாளி ஒருவர் இறந்தார். அன்று மதுரை வருந்தியது. அந்த வருத்தம் சில நாளில் ஓய்ந்துவிட்டது. பாதுகாப்பு ஏற்பாடு எப்படி இருந்தது, ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் எத்தனை பெயர் இருந்தது என்று கேட்கும் வழக்கம் நமக்கு உருவாகவில்லை.

உள்ளூர்த் தொழிலாளியின் குறையையும் இங்கே நேர்மையாகப் பார்க்க வேண்டும். 'அவங்க வந்ததால கூலி ஏறல' என்று மதுரையின் கொத்தனாரும் சித்தாளும் சொல்வதை வெறுப்பு என்று ஒதுக்கிவிட முடியாது; அது வயிற்றுப் பாடு. ஆனால் குறைந்த கூலியைத் தீர்மானிப்பவர் பீகார் இளைஞர் அல்ல. ஒரே வேலைக்குச் சமக் கூலி, இடப்பெயர்வுப் படி, பயணப்படி, கூலி எழுதிய பாஸ்புக் ஆகியவற்றை 1979ஆம் ஆண்டு மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம் கட்டாயமாக்கியது. அது ஒழுங்காக நடந்திருந்தால் வெளியூர்க்காரரை வைத்து உள்ளூர்க் கூலியை அமுக்கவே முடியாது. 'அவன் நம் வேலையைப் பிடுங்குகிறான்' என்ற கதை, சட்டத்தை மீறுபவரைப் பார்வையிலிருந்து மறைத்துவிடுகிறது.

வெளியூர்க்காரர் எல்லோரையும் இந்த ஊர் ஒரே கண்ணால் பார்ப்பதுமில்லை. நாயக்கர் காலத்தில் நெசவோடு வந்த சௌராஷ்டிரரை மதுரை தன்னவராக்கிக்கொண்டது, அவர்களில் ஒருவரான டி.எம். சௌந்தரராஜனின் குரலைத் தமிழின் குரலாகவே ஏற்றது. ஆக, வடக்கிலிருந்து வருவதே குற்றமாக நமக்குத் தெரிவதில்லை. வறியவராக, தனியாளாக, பேச்சுமொழி தெரியாமல் வருபவரிடம்தான் நம் சந்தேகம் கூர்மையாகிறது.

இனி செய்ய வேண்டியது

பத்திரிகைகள் முதலில். வழக்கோடு தொடர்பில்லாத இடங்களில் சாதியைக் குறிப்பிடுவதைத் தவிர்க்கும் நெறி ஏற்கெனவே உண்டு. பிறந்த மாநிலத்துக்கும் அதை விரிக்கலாம். குற்றம் செய்தவரின் மாநிலத்தைத் தலைப்பில் போடும் நாளிதழ், விபத்தில் இறக்கும் தொழிலாளியின் பெயரையாவது செய்தியில் போட வேண்டும்.

கே.கே. நகரைப் போன்ற பகுதிகளில் குடியிருப்போர் சங்கங்களுக்கும் இந்தத் தொழிலாளர்களுக்கும் இருக்கும் ஒரே உறவு, ஆதார் நகலும் போலீஸ் படிவமும்தான். ஆண்டுக்கு ஒருமுறை பொங்கல் விழாவுக்கு அவர்களை அழைத்து, விருந்தினராக உட்காரவைத்து, ஊர், குடும்பம், வேலை, பாக்கிக் கூலி பற்றிப் பேசவைத்தால் செலவு ஒன்றுமில்லை. இந்தி தெரிந்த ஒருவர் எந்தத் தெருவிலும் கிடைப்பார். 2023 ஜூலையில் திறக்கப்பட்ட நத்தம் சாலைக் கலைஞர் நூற்றாண்டு நூலகம், தொழிலாளர்கள் தம் மொழியில் எழுதியதை வாசிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையை ஒதுக்கலாம். தமிழ் எழுத்தாளர்கள் அதை மொழிபெயர்க்கலாம். ஃபிஜிக் கூலியின் நூல் செய்த வேலையை இங்கேயும் ஒரு நூல் செய்யும்.

அடுத்த வதந்தி நிச்சயம் வரும், போனில்தான் வரும். அது பொய் என்று அரசு அறிவிக்கும்வரை ஓரிரு நாட்கள் ஆகும். அந்த ஓரிரு நாட்களில் ஒரு தெரு என்ன செய்கிறது என்பதைத்தான், அதற்கு முன்பு அந்தத் தெரு கேட்ட கதைகள் தீர்மானிக்கும். 'அந்தத் தம்பியை எனக்குத் தெரியும். முதலில் விசாரிப்போம்' என்று சொல்ல நாலு பேர் இருக்கிற தெருவில் கல் பறக்காது. அந்த நாலு பேரை உருவாக்கும் பொறுப்பு எழுதுபவர்களுக்கும் படம் எடுப்பவர்களுக்கும் இருப்பதுபோலவே, கேட்ட கதையை அடுத்தவருக்கு அனுப்பும் நம் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது.